பட்டுக்கோ

குளியலறைச் சுவரில் டிரில் மெஷின் இறங்கிய சத்தம் கேட்டதும், கூடத்துக் கட்டிலில் படுத்திருந்த என் மாமனார் நாராயணசாமி தலையைத் தூக்காமலே, "செவுத்துல முடிச்சதும் என் மண்டையிலயும் ஒண்ணு போட்டுறச் சொல்லு" என்றார். பிளம்பருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தால் பாதி வேலையில் எழுந்து போயிருப்பார். எனக்குத் தெரியும், ஆனால் நான் எங்கே எழுந்து போவது? "ஹவ் மாமா, சொல்றேன்" என்று எங்கள் ஊர்ப் பேச்சில் ஆமாம் போட்டுவிட்டு, கொட்டிய டைல்ஸ் தூளைக் கூட்டி அள்ளினேன்.

பிசியோதெரபி அம்மா வந்து சொல்லிவிட்டுப் போனபடி எல்லாம் செய்தோம். கம்மோடுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டீல் கம்பி, ஷவருக்குக் கீழே எல் வடிவத்தில் இன்னொன்று. தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் கட்டியிருந்த திட்டை உடைத்து மட்டமாக்கினோம். சோப்புத் தண்ணீர் தேங்கும் இடத்தில் ரப்பர் பாய், உட்கார்ந்து குளிக்க முதுகு சாய்கிற பிளாஸ்டிக் ஸ்டூல், கம்மோடின் மேல் உயரம் கூட்டுகிற வெள்ளை வளையம். இதையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே பொறுத்தவர், உள்தாழ்ப்பாளைக் கழற்றியபோதுதான் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். நாளைக்கு வேட்டியையும் கழற்றிவிடுங்கள் என்றார். என் கணவர் சீனு அது காதில் விழாத மாதிரி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பேசும்போது மட்டும் சீனுவுக்கு எப்போதும் முக்கியமான மெயில் வரும்.

இத்தனைக்கும் காரணம் துண்டு போடுகிற ஒரு பிளாஸ்டிக் கம்பி. மாமியார் காலமான பிறகு மன்னார்குடி வீட்டைப் பூட்டிவிட்டு மாமனாரைச் செகந்திராபாத் பக்கம் மௌலா அலியில் எங்கள் பிளாட்டுக்கு அழைத்து வந்தோம். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. குளிக்கப் போனவர் வழுக்கியிருக்கிறார், கைக்கு எட்டிய அந்தக் கம்பியைப் பிடித்திருக்கிறார், அது கையோடு வந்துவிட்டது. கதவை உடைத்துத் திறந்தபோது தரையில் கிடந்தார். வாத்தியார் பிரம்பைப் பிடித்திருப்பதுபோல அந்தக் கம்பியை விடாமல் பிடித்திருந்தார். இடுப்பில் ஆணி வைத்தார்கள். செகந்திராபாத் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை விழுந்தால் ஆணி அடிக்க எலும்பு மிஞ்சாது, அதற்கப்புறம் படுக்கைதான், படுக்கை என்றால் எவ்வளவு காலம் என்று என்னைக் கேட்காதீர்கள் என்றார். விழாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வைத்தியம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்தார்கள். ஆனை விழுந்தால் மருமகளை ஏசாது என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மாமனார் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் லாலாகுடாக்காரி. என் தாத்தா ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் பிறந்து, தெலுங்கில் படித்து, தெருவில் உருது கலந்த ஹிந்தி பேசி வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டுத் தமிழ் அங்கங்கே ஒட்டுப் போட்ட தமிழ். தெலுங்கு வார்த்தையை எடுத்துத் தமிழ் வாலை ஒட்டிவிடுவோம், ஒட்டியது எங்களுக்கே தெரியாது. கல்யாணமான புதிதில் சோபாவில் உட்கார்ந்திருந்தவரிடம், "கொஞ்சம் ஜருகுங்க மாமா" என்றேன். தள்ளி உட்காருங்கள் என்று அர்த்தம். "சருகா? நான் என்ன காஞ்ச எலையா?" என்று கேட்டு, வந்திருந்த உறவுக்காரர்கள் அத்தனை பேரும் சிரிக்கும்வரை அவர் விடவில்லை. இன்னும் கொஞ்சம் சாதம் வேண்டாமா என்பதற்கு "நக்கோவா மாமா" என்று கேட்டுவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொல்லவே வேண்டாம். என் பெயர் பானுமதி. அவர் என்னைப் பற்றி மற்றவர்களிடம் பேசும்போது 'நம்ம ஆந்திரா' என்பார். தெலங்கானா என்று திருத்துவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

அவரைப் பொறுத்தவரை தெலுங்கு என்று தனியாக ஒன்று கிடையாது, எல்லாம் கெட்டுப்போன தமிழ். இல்லு என்றால் நம் இல்தான், சாலு என்றால் சாலும்தான், காது மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும், இவனுங்க பேசுவது எல்லாம் புரியும் என்பார். பல நேரம் அது சரியாகவும் இருக்கும், அதுதான் வினை. இந்த ஊருக்கு வந்து போன இத்தனை காலத்தில் ஒரு வார்த்தைக்குக்கூட யாரிடமும் அர்த்தம் கேட்டதில்லை. கேட்டால் கௌரவம் போய்விடும்.

மாமியார் கனகவல்லி வேறு ரகம். நான் பேசுவதைக் கேட்டுச் சிரிப்பார், ஆனால் என்னோடு சேர்ந்து சிரிப்பார். என்னிடமிருந்து 'ஹவ்' கற்றுக்கொண்டு, மத்தியானத்தில் போன் செய்யும்போது எடுத்ததும் "ஹவ் பானு" என்பார். மாமனார் தூங்குகிற நேரம் பார்த்துத்தான் அந்தப் போன் வரும், குரலை அடக்கிக்கொண்டுதான் பேசுவார். அவருக்கு மூட்டு தேய்ந்து போயிருந்தது. மாமனார் அந்த வருஷம்தான் குளியலறைக்கு முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பாக டைல்ஸ் போட்டிருந்தார். கால் வைக்கவே பயமாக இருக்கிறது, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும் என்று அத்தை என்னிடம் சொன்னார். நான் செகந்திராபாத் கடைவீதியில் நல்ல ஸ்டீல் கம்பி ஒன்று வாங்கி, புடவையில் சுற்றி, ரயிலில் சீட்டுக்கு அடியில் வைத்து மன்னார்குடி வரைக்கும் கொண்டுபோனேன். மாமனார் அதைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்க இது என்ன டவுன் பஸ்ஸா?" என்றார். புது டைல்ஸில் ஓட்டை போட முடியாதாம். கம்பி கொல்லைப்புறத்துக்குப் போயிற்று, அதில் அவருடைய வேட்டி காய்ந்தது.

அத்தை விழுந்தது அந்த மழைக்காலத்தில். மாமனார் ஏதோ பள்ளி ஆண்டு விழாவில் சிறப்புரை ஆற்றப் போயிருந்தார், அவர் கிளம்பிப் போன பிறகு அத்தை குளிக்கப் போய் வழுக்கி விழுந்தார், மத்தியானம் பாத்திரம் தேய்க்க வந்த பெண்தான் பார்த்து அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டாள். எங்களுக்குச் சொல்லப்பட்டது இதுதான். அதன் பிறகு அத்தை எழுந்திருக்கவே இல்லை. முதுகில் புண் வந்தது, பேச்சும் குறைந்துபோயிற்று. போன் செய்தால் நான்தான் பேசிக்கொண்டிருப்பேன். பங்குனியில் போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்கு வந்தவர்களிடம் மாமனார், நான் வீட்டில் இல்லாமல் போய்விட்டேனே என்று ஒவ்வொருவரிடமும் அழகான தமிழில் சொன்னார். எனக்கு அந்தக் கொல்லைப்புறக் கம்பியைப் பிடுங்கி அவர் முன்னால் போட வேண்டும்போல இருந்தது. போடவில்லை. சீனு அழுதுகொண்டிருந்தார்.

மாமனாரைக் குளிப்பாட்ட, நடக்க வைக்க ஏஜென்சி மூலமாக மல்லேஷ் வந்தான். ஜனகாம் பக்கத்துக்காரன். தங்கமான பிள்ளை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வாயில் எந்நேரமும் பாக்கு, கையில் எந்நேரமும் போன், சொன்னால் ஒழிய டம்ளரைக் கழுவி வைக்க மாட்டான். ஆனால் ஆளைப் பிடிக்கத் தெரிந்தவன். மாமனாரின் இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றி, அதன் முடிச்சை ஒரு கையில் பிடித்துக்கொள்வான். தன் காலை அவர் காலுக்கு வெளியே அண்டை கொடுத்து வைத்துக்கொள்வான். மறு கையால் அவருடைய கையை எடுத்துக் கம்பியில் வைப்பான். "மெல்லக தாத்தா. காலு இக்கட பெட்டு. பட்டுக்கோ, பட்டுக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். மெதுவா, காலை இங்கே வை, பிடிச்சுக்கோ என்று அர்த்தம். இந்தப் பக்கத்தில் பெரியவர்களையும் இப்படி ஒருமையில்தான் பேசுவார்கள், அதில் ஒரு அவமரியாதையும் கிடையாது. சமையலறையில் நின்று கேட்கும்போது எனக்கு நிம்மதியாக இருக்கும். பிடித்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்தானே என்று.

முதல் வாரம் மாமனார் அவன் ஒருமையில் பேசுகிறான் என்று புகார் சொன்னார். பிறகு அந்தப் புகாரும் நின்றுபோயிற்று. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் புகார் சொல்லாத மாமனாரை நான் பார்த்ததே இல்லை. குளிக்கிற நேரம் வந்தால் ஜுரம் என்பார், தலை சுற்றுகிறது என்பார். குளித்துவிட்டு வெளியே வரும்போது முகம் வெளுத்திருக்கும். மல்லேஷை நிமிர்ந்து பார்க்க மாட்டார், அவன் ஊட்டினால் வாயைத் திறக்க மாட்டார். ஒருநாள் ஆபீஸிலிருந்து நான் வந்தபோது, வீட்டிலிருந்தே வேலை பார்த்த சீனு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மல்லேஷ் கிள்ளுகிறானாம், பிடித்துத் தள்ளுகிறானாம். மாமனார் சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினார். முழங்கைக்கு மேல் நான்கு விரலும் பதிந்த மாதிரி கறுப்பாக இருந்தது.

அவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், விரலால் தொட்டாலே கன்றும், விழப்போகிறவரைப் பிடித்தால் கன்றாமல் என்ன செய்யும் என்று நான் சீனுவிடம் சொன்னேன். "அப்பா திட்டுவாரு, பொய் சொல்ல மாட்டாரு பானு" என்றார். அவ்வளவுதான். ஏஜென்சிக்குப் போன் போயிற்று, கன்றிய கையின் படமும் போயிற்று. மல்லேஷ் பையைத் தூக்கிக்கொண்டு நின்றான். பாக்கைத் துப்பிவிட்டு வந்து, "நேனேம் சேசின அக்கா?" என்று கேட்டான். நான் என்ன செஞ்சேன் என்று. தாத்தா வழுக்கினபோது பிடித்தேன், விட்டிருந்தால்தானே தப்பு என்றான். ஏஜென்சியில் இனிமேல் அவனை எந்த வீட்டுக்கும் அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். சீனு உள்ளே போய்விட்டார். நான் லிப்ட் வரைக்கும் போனேன், வேறு என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

அடுத்து வந்தவர் வயதானவர், கரீம்நகர்க்காரர், நெற்றியில் விபூதி, வாயில் பாக்கு கிடையாது. மாமனாருக்கு விபூதியைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அன்று எனக்கு லீவு. இருவரும் குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, மாமனார் அலறினார். ஓடிப் போய்ப் பார்த்தேன். ஈர வேட்டியோடு, வாக்கரை நடுங்க நடுங்கத் தள்ளிக்கொண்டு தானே வெளியே வந்துகொண்டிருந்தார். பின்னால் அந்தப் பெரியவர் கையை விரித்துக்கொண்டு நின்றார். தொடக்கூட இல்லையே அம்மா, கம்பியைக் காட்டினேன், அவ்வளவுதான் என்று என்னிடம் தெலுங்கில் சொன்னார். மாமனார் கட்டிலில் உட்கார்ந்து, அந்த ஆளை வெளியே போகச் சொல் என்றார். போன பிறகு கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். இவ்வளவு நாளில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"கனகு உங்கிட்ட சொல்லிப்புட்டாளா?"

"எதை மாமா?"

"நடிக்காத. அவ கீழ கெடந்தப்ப நான் சொன்னது. வீட்டுல நானும் அவளும் மட்டுந்தான் இருந்தோம். அந்த வார்த்தைய இவனுங்க எப்புடிச் சொல்றானுங்க? அவன் தெனம் தெனம் சொன்னான். இப்ப வந்தவன் வந்ததும் வராததுமா சொல்றான். நீதான சொல்லிக் குடுத்த?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததால் பேசாமல் நின்றேன். அதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். எனக்கு எல்லாம் தெரியும் என்றே நினைத்துவிட்டார், அதனால் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஆரம்பித்தார். கிளம்புகிற நேரமாம். விழா வண்டி வாசலில் வந்து நிற்கிறதாம். இஸ்திரி போட்ட வேட்டி சட்டையோடு நிற்கிறாராம். நான் போன பிறகு குளி என்று சொல்லியும் கேட்காமல் அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாளாம். சத்தம் கேட்டு இவர் போய்க் கதவைத் தள்ளினால் தரையில் கிடந்தாளாம். ஏங்க, கையைக் குடுங்க என்றாளாம். எண்ணெய்க் கை. "எனக்கு ஆத்திரம். சொன்ன பேச்சக் கேக்கலல்ல, பட்டுக்கோன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். எந்திரிச்சுருவான்னு நெனச்சேன்." அப்புறம் வண்டி ஏறிப் போய் சிறப்புரை ஆற்றிவிட்டு, மாலையும் சால்வையுமாக இருட்டுகிற நேரத்துக்கு வீடு திரும்பியிருக்கிறார்.

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. சத்தியமாகச் சிரிப்புத்தான். கையைப் பிடித்துக்கொள் என்று ஒருவன் தினமும் கெஞ்சியிருக்கிறான், அதை இந்த மனிதர் அனுபவி, நன்றாகப் படு என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். பிறகு சிரிப்பு போய், அத்தை காலையிலிருந்து மத்தியானம் வரை ஈரத்தில் கிடந்தது கண் முன்னால் வந்தது. மாமா, தெலுங்கில் பட்டுக்கோ என்றால் பிடித்துக்கொள் என்று அர்த்தம். இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவர் ஈர வேட்டியைத் தொடையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யார் சொன்னது, யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"யாராவது ஒருத்தர் சொல்லாமலா இருப்பாங்க மாமா?" என்றேன்.

உலர்ந்த வேட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். குக்கரை மூடி அடுப்பில் ஏற்றினேன்.

அதிலிருந்து அவர் குளிக்கவே மாட்டேன் என்றார். சீனு ஈரத்துணியால் துடைத்துவிட்டார். அதுவும் அவசர அவசரமாக, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. கூடத்தில் நாற்றம் வந்தது. ஒருநாள் சாயங்காலம் கீழே அபார்ட்மென்ட் வாசலில் ஒரு அப்பா தன் பெண்ணுக்கு சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்தார். பின்னாலேயே ஓடிக்கொண்டு, "கட்டிக பட்டுக்கோ! பட்டுக்கோ!" என்று கத்தினார். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறார், பாவம். மாமனார் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். காற்று வரட்டுமே மாமா என்றேன். அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். இந்த ஊரில் பஸ்ஸில் கண்டக்டர் அதைத்தான் சொல்வார், படியேறும்போது அம்மா பிள்ளைக்கு அதைத்தான் சொல்வாள், மூட்டை தூக்குகிறவன் கூட்டாளிக்கு அதைத்தான் சொல்வான். எங்கே போய் ஒளிவார்? பட்ட காலிலே படும் என்று அவரே வகுப்பில் பாடம் நடத்தியிருப்பார்.

மல்லேஷ் எனக்குப் போன் செய்தான். இரண்டு வீட்டில் அவன் பெயரைச் சொன்னதுமே வேண்டாம் என்றுவிட்டார்களாம். நீங்கள் ஏஜென்சிக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும் அக்கா என்றான். அவன் குரலில் வழக்கமான அலட்சியம் இல்லை. "சூஸ்தாலே" என்றேன், பார்க்கிறேன் என்று. பொய் இல்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவனைக் காப்பாற்ற வேண்டுமானால் நடந்ததைச் சீனுவிடம் சொல்ல வேண்டும். சொன்னால் சீனு அடுத்த நிமிஷம் சந்தோஷமாக ஓடிப் போய், அப்பா அது வெறும் பிடிச்சுக்கோதான்பா என்பார். மாமனார் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, பிறகு சிரிப்பார். பற்று என்பதுதான் பட்டு ஆகியிருக்கிறது, பற்றிக்கொள், கெட்டுப்போன தமிழ்தான் என்று விளக்கம் சொல்வார். நன்றாகச் சாப்பிடுவார், நன்றாகத் தூங்குவார். அந்தச் சிரிப்பை அவருக்குக் கொடுக்கத்தான் எனக்கு மனசு வரவில்லை. மல்லேஷுக்கு நான் செய்வது அநியாயம் என்று தெரியும். தெரிந்தேதான் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டு வந்தேன்.

சீனு பெங்களூருக்கு மீட்டிங் போன ஞாயிற்றுக்கிழமை மாமனாருக்கு வயிறு போயிற்று. வளையம் வைத்த கம்மோடு வரைக்கும் போக முடியவில்லை, கட்டிலிலேயே போய்விட்டது. ஏஜென்சிக்காரர்கள் இப்போது எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்புவதில்லை, வந்தவர்கள் மேல் பழி சொல்கிற வீடு என்று பெயர். நான் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, சுடிதாரை மடித்துக்கொண்டு, எழுந்திருங்க மாமா என்றேன். சீனு வரட்டும் என்றார். சீனு நாளைக்குத்தான் வருவார் என்றேன். நீ வேண்டாம் என்றார். அவருடைய கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்குக்கூடக் கொஞ்சம் இரக்கம் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வாக்கரோடு மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார வைத்தேன். பல வருஷம் என் பேச்சைப் பிடித்து ஆட்டிய மனிதர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதுகுக்கும் காலுக்கும் சோப்புப் போட்டேன். வெந்நீர் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன், தலையாட்டினார். பின்பக்கம் கழுவ அவரை எழுப்பி நிறுத்த வேண்டியிருந்தது.

மல்லேஷ் மாதிரி இடுப்பில் துண்டைச் சுற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோளுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினேன். எழுந்தார். நின்றார். ஒரு காலை ரப்பர் பாயைத் தாண்டி நுரைக்குள் வைத்தார். அந்தக் கால் முன்னால் போயிற்று. சோப்பில் அவர் கை என் பிடியிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. இவ்வளவு எடை அந்த உடம்பில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. எல் வடிவக் கம்பி அவருடைய வலது பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவர் கையும் அதை நோக்கித்தான் கிளம்பியது.

"பட்டுக்கோங்க மாமா" என்றேன்.

லாலாகுடாவில் பிறந்தவர்கள் யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், மரியாதைக்கு அந்தத் தமிழ் வாலையும் சேர்த்து. நான் எந்த மொழியில் சொன்னேன் என்று என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன், பதில் கிடைக்கவில்லை. மாமனாருக்குக் கேட்டது ஒரே மொழியில்தான். அவர் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஷவர் தண்ணீர் நெற்றியிலிருந்து வழிந்து கண்ணுக்குள் இறங்கியது, அவர் இமைக்கவில்லை. கம்பியை நோக்கிப் போன கை பாதியில் அப்படியே நின்றது. விரித்த விரல்களிலிருந்து சோப்பு நுரை அந்தப் புதுக் கம்பியின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.